கட்டு, மாவுக்கட்டு, கம்பி பூட்ஸ்

கோணல் எனக்கு ஆகாது. சுவரில் காலண்டர் ஒரு விரற்கடை சாய்ந்திருந்தால்கூட, சாப்பிடுகிற தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோய் நிமிர்த்திவிட்டு வந்துதான் அடுத்த கவளம். பெருமைக்குச் சொல்லவில்லை, என் பிழைப்பே அதுதான். ஆரணியில் பட்டுத் தறி பூட்டுகிறவன் நான். புதுத் தறி இறக்கினாலும் பழைய தறியை வேறு வீட்டுக்கு மாற்றினாலும் மட்டப்பலகை, நூல், ஸ்பேனர் சகிதம் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான்கு காலும் மட்டமாக நிற்க வேண்டும், முன்மரமும் பின்மரமும் ஒன்றுக்கொன்று நேராக இருக்க வேண்டும். நூலளவு பிசகினாலும் சேலையின் ஒரு கரை இழுக்கும், இன்னொரு கரை தொய்யும். நெய்கிறவர் என்னைத்தான் திட்டுவார். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு சின்ன ஸ்பேனர் கிடக்கும். கல்யாணப் பந்தியில் மேசை ஆடினால் இலை போடுவதற்குள் குனிந்து முடுக்கிவிடுவேன்.

அப்படிப்பட்டவனுக்கு வலது பாதம் உள்பக்கமாக மடங்கி, குதிகால் மேலே ஏறி, உள்ளங்கால் இடது காலைப் பார்க்கிற மாதிரி ஒரு பெண் குழந்தை பிறந்தது. இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்த சமயம். நர்ஸ் துணியை விலக்கிக் காட்டியதும் என் கை தானாக நீண்டு அந்தப் பாதத்தை நிமிர்த்தப் பார்த்தது. நர்ஸ் பட்டென்று என் கையைத் தட்டிவிட்டார். அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுவந்த என் அக்கா குழந்தையின் காலைப் பார்த்தாள். அடுத்த நிமிஷமே கட்டிலில் கிடந்த என் மனைவியிடம் கேட்டாள்.

"கிரகணத்தன்னிக்கு இன்னாடி பண்ணே?"

"ஒண்ணும் பண்ணல அண்ணி. கதவ சாத்திகினு படுத்துகினு இருந்தேன்."

"சும்மா படுத்துகினு இருந்தா கால் ஏன் இப்டி முறுக்கிக்குது? தார் சுத்தியிருப்ப. நூல முறுக்கினா புள்ளைக்குக் கால் முறுக்கிக்கும்னு தெரியாதா உனக்கு?"

தார் சுற்றுவது என்றால் குறுக்கே ஓடும் ஊடை நூலை ராட்டையில் வைத்துச் சின்னக் குழலில் சுற்றுவது. எங்கள் தெருவில் பெண்களுக்குக் கை ஓய்ந்த நேரமெல்லாம் அந்த வேலைதான். கிரகணம் பிடித்த சாயங்காலம் நான் வெளியூரில் ஒரு தறிக்குக் கீழே படுத்திருந்தேன். வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாதவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நானும் கேட்டேன். ஒரு தடவை இல்லை. "சுத்தியிருந்தா சொல்லிடு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று பெரிய மனுஷன் மாதிரி கேட்டேன். அவள் ஒவ்வொரு தடவையும் படுத்திருந்தேன் என்றே சொன்னாள். தடவைக்குத் தடவை அவள் குரல்தான் சிறுத்துக்கொண்டு வந்தது.

அப்படியே விட்டால் இந்தப் பெண் நிற்கிற வயதில் பாதத்தின் வெளி ஓரத்தை ஊன்றித்தான் நிற்பாள். அது எனக்கும் தெரிந்தது, என் மனைவிக்கும் தெரிந்தது. பெரிய ஆபரேஷன் ஒன்று உண்டாம். கத்தி பட்ட பாதம் பிற்பாடு விறைத்துப் போகலாம் என்று பயமுறுத்தினார்கள். கத்தியில்லாமல் குழந்தையை நேராக நடக்கவைக்க வேண்டும், அவ்வளவுதான் எங்களுக்கு வேண்டியிருந்தது. எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. எல்லாமே ஜல்தியாக ஆக வேண்டும்.

முதலில் எங்கள் ஊருக்குப் பக்கத்துத் திருமலையை ஒட்டிய ஒரு கிராமத்தில் எலும்புக்குக் கட்டுப் போடுகிறவரிடம் போனோம். குழந்தைக்குப் பத்து நாள்கூட ஆகவில்லை. அவர் எண்ணெய் தடவி, ஒரே இழுப்பாக இழுத்தார். குழந்தை வீறிட்ட வீறலில் மனைவி வாசலுக்கு ஓடிவிட்டாள். முட்டை வெள்ளைக்கருவையும் உளுந்து மாவையும் குழைத்துத் துணியில் பூசி, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினார். கட்டி முடித்தபோது பாதம் நேராகத் தெரிந்தது. எனக்கு அவரைப் பிடித்துப் போய்விட்டது. ஒரு நிமிஷத்தில் நேராக்கிவிட்டாரே, இவரல்லவா வேலைக்காரர் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் குழந்தையின் விரல்கள் நீலம் பாய்ந்து வீங்கியிருந்தன. நான் வேலைக்குப் போயிருந்தேன். மனைவி யாரையும் கேட்கவில்லை. நூல் வெட்டுகிற கத்திரியை எடுத்துக் கட்டை ஓரத்திலிருந்து நறுக்கிப் பிரித்துவிட்டாள். அக்கா கத்தினாள், நானும் வந்து கத்தினேன். குழந்தைக்குக் கால் இன்று மிஞ்சியிருக்கிறது என்றால் அந்தக் கத்திரிதான் காரணம். இதை அவளிடம் சொல்ல எனக்குப் பல வருடம் ஆயிற்று.

அடுத்து ஊரிலேயே ஒரு குழந்தை டாக்டர். அவர் கட்டு எதுவும் போடவில்லை. பால் கொடுக்கிற ஒவ்வொரு தடவையும் பாதத்தை இப்படிப் பிடித்து வெளிப்பக்கமாக மெல்ல நீவுங்கள் என்று மனைவியின் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தார். நீவி முடித்ததும் திரும்பி வராமல் இருக்க, முழங்கால் வரை பிளாஸ்திரி பட்டை ஒட்ட வேண்டும். நீவும்போது பாதம் கையோடு வரும், விட்டதும் பழையபடி போய்விடும். பட்டை ஒட்டின இடமெல்லாம் தோல் சிவந்து உரிந்தது. ஒருநாள் நான் நீவுகிறேன் என்று உட்கார்ந்து, தறிக்கயிறு இழுக்கிற வேகத்தில் இழுத்துவிட்டேன். அதற்கப்புறம் மனைவி குழந்தையை என்னிடம் தருவதில்லை. எனக்கு அந்த வைத்தியமே பேஜார் என்று பட்டது. இப்போது யோசித்தால் அது வீண் இல்லை, பாதம் கொஞ்சம் இளகியிருந்தது. இது இதோடு நிற்காது, வேலூருக்குப் போங்கள் என்று அந்த டாக்டரேதான் எழுதிக் கொடுத்தார்.

வேலூர் ஆஸ்பத்திரி பெஞ்சில் எங்கள் பக்கத்தில் ஓர் அம்மா இரண்டு வயதுப் பையனோடு உட்கார்ந்திருந்தார். பையனுக்கு வேறெங்கோ மாதத்துக்கு ஒரு தடவை மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள், முழங்காலுக்குக் கீழே மட்டும். போடுகிறவர் ஒவ்வொரு தடவையும் பாதத்தின் நுனியைப் பிடித்து மேலே தள்ளித் தள்ளிப் போட்டாராம். நுனி மேலே வந்தது, குதிகால் வரவில்லை. நடுப்பாதம் கீழே பிதுங்கிவிட்டது. அந்த அம்மா பையனின் காலைத் திருப்பிக் காட்டினார். படகின் அடிப்பக்கம் மாதிரி இருந்தது. மாவுக்கட்டுக்குத்தான் நாங்களும் வந்திருந்தோம்.

உள்ளே போனதும் டாக்டரிடம் அதைத்தான் முதலில் கேட்டேன். அவர் நடுத்தர வயதுக்காரர், பேச்சில் அவசரமே இல்லாதவர்.

"அதுவும் மாவுக்கட்டுதான், இதுவும் மாவுக்கட்டுதான். புடிக்கிற விதம் வேற" என்றார். "குதிகாலைப் போட்டு இழுக்கக் கூடாது. பாதத்தோட வெளிப்பக்கம், கணுக்காலுக்கு முன்னாடி ஒரு எலும்பு முட்டிகிட்டு இருக்கும். அதுல கட்டை விரலை வெச்சுக்கணும். முன்பாதத்தை மெதுவா வெளியே சுத்திக் கொண்டுவந்தா, குதிகால் பின்னாலயே தானா வரும். நீவுறதும் இதேதான். ஆனா நீவினதை ஒரு வாரம் புடிச்சு வெக்க ஆள் வேணுமில்ல, அதுக்குத்தான் கட்டு."

அவர் பிடித்ததைப் பார்த்தேன். மனைவி பால் கொடுத்துக்கொண்டிருக்க, குழந்தை அழக்கூட இல்லை. இம்மி அளவு நகர்த்தினார், அப்படியே பிடித்துக்கொண்டார். இன்னொருவர் விரலிலிருந்து தொடை வரை மாவுத்துணி சுற்றினார்.

"இன்னாங்க, இவ்ளோதான் தள்ளுவீங்களா?" என்றேன்.

"இவ்வளவுதான்."

"கொஞ்சம் ஜாஸ்தி தள்ளினா ரெண்டு வாரத்துல முடிஞ்சிடுமே."

"முடிஞ்சிடும்" என்றார். "வெளிய பெஞ்சுல பாத்தீங்களே, அந்த மாதிரி."

வாரா வாரம் ஆரணியிலிருந்து பஸ். கட்டுப் பிரித்து, குளிப்பாட்டி, மறுபடி கட்டு. ஒவ்வொரு வாரமும் பாதம் கொஞ்சம் திறந்து வந்தது. நான்காவது கட்டைப் பிரித்தபோது பாதம் எதிரே நேராகப் பார்த்தது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "போதுங்க, நேரா வந்துடுச்சி" என்றேன்.

"நேரா வந்தா போதாதுங்க. தாண்டி வெளிப்பக்கம் போகணும். இந்தப் பாதத்துக்கு உள்ள திரும்புறதுதான் பழக்கம். நேரா விட்டா உள்ளதான் போகும்."

தலையாட்டினேன். எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கும்.

இன்னும் இரண்டு கட்டு. அப்புறம் குதிகாலுக்கு மேலே இறுகிக் கிடந்த தசைநாரில், மரத்துப்போக ஊசி போட்டு, நெல் முனை அளவுக்கு ஒரு கீறல். பெரிய ஆபரேஷன் இல்லை, தையலும் இல்லை. அதன்மேல் மூன்று வாரத்துக்கு ஒரு கட்டு. அதையும் பிரித்த அன்று என் மகளின் இரண்டு பாதங்களும் மேசைமேல் தட்டையாகப் படிந்தன. மனைவி அந்தப் பாதத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். ஊருக்குப் போனதும் அண்ணிக்குக் காட்டணும் என்றாள்.

அப்போதுதான் கம்பி பூட்ஸ் வந்தது. வீட்டில் நாங்கள் வைத்த பெயர் அது. ஒரு சாண் கம்பியின் இரண்டு முனையிலும் தகடு, தகட்டின்மேல் திருகு போட்டு முடுக்கிய குட்டி பூட்ஸ். மூன்று மாதத்துக்கு இரவு பகல் காலிலேயே இருக்க வேண்டும், குளிப்பாட்ட ஒரு மணி நேரம் மட்டும் கழற்றலாம். அப்புறம் நான்கு வயது வரை தூங்கும்போது மட்டும்.

"கால நேராக்கினது நாங்க. அதைக் காப்பாத்தப் போறது இந்தக் கம்பிதாம்மா" என்று டாக்டர் மனைவியிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. குழந்தைக்குப் பூட்ஸ் போடுகிறவள் அம்மாதான் என்று எல்லோரும் நினைப்பதைத்தான் அவரும் நினைத்தார்.

என்னை அந்தக் கம்பி பாடாய்ப் படுத்தியது. குழந்தை முதல் வாரம் முழுக்க அழுதாள். அதுகூடப் பரவாயில்லை. அந்தப் பூட்ஸ் இரண்டும் ஒழுங்காக இல்லை. வலது பூட்ஸ் வெளிப்பக்கம் ஒரேயடியாகத் திரும்பியிருந்தது, இடது அதில் பாதிதான். ஒன்று தெற்கே பார்த்தால் இன்னொன்று தென்கிழக்கே பார்க்கிற கதை. தூளியில் குழந்தை கிடக்கும்போதெல்லாம் என் கண் அங்கேயே போகும். சாப்பிட முடியவில்லை. தறி பூட்டப் போன இடத்திலும் அதே நினைப்பு. டாக்டர் சரியாகத்தான் சொல்லியிருப்பார், பூட்ஸ் செய்கிறவன்தான் திருகை அவசரத்தில் முடுக்கிவிட்டான் என்று எனக்கு நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். எந்தத் தறியிலும் அதுதானே நடக்கிறது.

மனைவி குழாயடிக்குப் போயிருந்த ஒரு பகலில் ஸ்பேனரை எடுத்தேன். இரண்டு திருகையும் தளர்த்தி, கம்பிமேல் மட்டப்பலகையை வைத்து, நூல் பிடித்து, இரண்டு பூட்ஸையும் எதிரே நேராக நிறுத்தி முடுக்கினேன். அன்றைக்கு எனக்கு இருந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. அன்றிரவு குழந்தை அழவில்லை.

"பாருங்க, பழகிட்டா" என்றாள் மனைவி. நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரிச் சாமானில் கை வைத்தேன் என்றால் கத்துவாள், அதனால் சொல்லவில்லை. நான் பூட்ஸை மாற்றி வைத்தது அவளுக்குத் தெரியவில்லை. கம்பியோடு சேர்த்துத் துணி சுற்றி வைத்திருந்தாள், குழந்தையும் அமைதியாக இருந்தது.

மூன்று மாதம் கழித்துக் காட்டப் போக வேண்டிய நாள் காலையில், டாக்டர் பார்த்தால் கேட்பாரே என்று எனக்குப் பயம் வந்தது. குழந்தையை மனைவி குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். தகட்டில் பழைய திருகின் தடம் தெளிவாக இருந்தது. அந்தத் தடத்திலேயே பூட்ஸைத் திருப்பி வைத்து முடுக்கிவிட்டேன். அதிலும் சுத்தமான வேலை.

டாக்டர் பூட்ஸைக் கழற்றியதும் பாதம் மெல்ல உள்ளே திரும்பியது. குதிகாலும் மேலே ஏறியிருந்தது. அவர் கம்பியைப் புரட்டிப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார்.

"பூட்ஸ் சரியாத்தான் இருக்கு" என்றார். அப்புறம் மனைவியைப் பார்த்தார். "கழட்டி வெச்சீங்களாம்மா?"

"இல்லங்க. சொன்ன மாதிரிதாங்க போட்டேன்."

"அழுவுதேன்னு பாவம் பார்த்து கொஞ்ச நேரம் கழட்டியிருப்பீங்க."

"இல்லங்க."

"கழட்டாம இது திரும்பாதும்மா. மறுபடி கட்டுப் போடலாம். அதுக்கப்புறமும் இப்படித் திரும்பிச்சுன்னா கட்டு கேக்காது, ஆபரேஷன்தான்."

அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு படம் சாய்ந்து தொங்கியது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். வாய் திறக்கவில்லை. கோழை என்றால் அப்படிக் கோழை.

திரும்புகிற பஸ்ஸில் அவள் தானாகவே ஆரம்பித்தாள். "உங்க சித்தப்பா வூட்டு கல்யாணத்துல ரெண்டு மணி நேரம் ஆயிட்ச்சி போலங்க. குளிப்பாட்டி எடுத்துகினு போனேன், அங்க போயிதான் போட்டேன். அதாலதான் இருக்கும்." விடு விடு என்று சொன்னேன். விடு என்று சொல்லத்தான் எனக்குத் தைரியம் இருந்தது.

மறுபடி மூன்று கட்டு, மறுபடி கம்பி பூட்ஸ். இந்தத் தடவை நான் அதைத் தொடவே இல்லை. பூட்ஸ் வெளியே திரும்பியே இருந்தது, நான் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். அவள்தான் மாறிப் போனாள். குளிப்பாட்டக்கூடக் கழற்றவில்லை. ஈரத்துணியால் துடைத்து விடுவாள், பட்டையை இன்னும் ஒரு துளை இறுக்கிப் போடுவாள். குழந்தை அழுதால் கூடவே உட்கார்ந்து அழுவாள், கழற்ற மாட்டாள். அக்கா ஒருநாள் வந்து, அன்னிக்கே ஒழுங்கா இருந்திருந்தா இவ்ளோ இல்ல என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்னிக்கே என்றால் கிரகணத்தன்னிக்கு. மனைவி பதிலே சொல்லவில்லை. முன்பெல்லாம் படுத்திருந்தேன் என்றாவது சொல்வாள்.

ஒரு மாதத்தில் குழந்தையின் குதிகாலில் புண் வந்துவிட்டது. வேலூருக்கு ஓடினோம். டாக்டர் பூட்ஸைக் கழற்றிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, கழட்டாமயே வெச்சிருந்தீங்களா? தோல் இப்படி வெந்து கெடக்குது. புண்ணு ஆற வரைக்கும் பூட்ஸ் போட முடியாது. அதுக்குள்ள பாதம் திரும்பாம இருக்கணும்."

"வேணாங்க" என்றாள் அவள். "புண்ணு இருந்தாலும் போட்டே வெச்சிக்கறேங்க. கழட்டிடாதீங்க. போன தடவ நான்தாங்க கழட்டினேன். நான் கழட்டினதாலதாங்க திரும்பிச்சி."

செய்யாததை ஒப்புக்கொண்டு அவள் கை கூப்பி நின்றாள். எனக்கு அப்படியே செத்துவிடலாம் போல இருந்தது. சட்டைப் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"அவ கழட்டலங்க. நான்தான் பூட்ஸ திருப்பி வெச்சேன். ரெண்டையும் நேரா வெச்சி முடுக்கிட்டேன். இங்க வர்ற அன்னிக்குக் காலைல பழையபடி மாத்திட்டேன்."

டாக்டர் ஸ்பேனரைப் பார்த்தார். "எதுக்குங்க?"

"கோணலா இருந்ததுங்க."

அவர் என்னைத் திட்டவில்லை. தகட்டில் பூட்ஸ் நிற்க வேண்டிய இடத்தில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, இந்தக் கோடு இங்கேயே இருக்கணும் என்றார். அப்புறம் மனைவியைப் பார்த்து, "நான் உங்களைச் சொன்னது தப்பும்மா" என்றார். புண்ணுக்கு மருந்து கட்டி, அது ஆறும்வரை பாதத்தைப் பிடித்து வைக்க ஒரு தளர்வான கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

என் மகளுக்கு அந்தப் பெரிய ஆபரேஷன் தேவைப்படவில்லை. நான்கு வயது வரை ஒவ்வொரு ராத்திரியும் நான்தான் கம்பி பூட்ஸ் போட்டுவிட்டேன், சிவப்புக் கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் விளக்கை அணைப்பேன். வலது காலுக்குச் செருப்பு ஒரு நம்பர் சின்னதாக வாங்க வேண்டும், அந்தக் கெண்டைக்காலும் கொஞ்சம் மெலிவு. மற்றபடி ஓடுகிறாள், என்னைவிட வேகமாக நடக்கிறாள். நான் ஸ்பேனரை மேசைமேல் வைத்த அன்றைக்குத் திரும்புகிற பஸ்ஸில் நடந்ததைத்தான் இன்னும் சொல்லவில்லை.

வேலூரில் ஏறினதிலிருந்து மனைவி பேசவில்லை. குழந்தை அவள் மடியில் தூங்கியது, கம்பி பூட்ஸ் என் மடியில் ஒரு மஞ்சள் பையில் இருந்தது. கண்ணமங்கலத்தில் பஸ் நின்றபோது இறங்கி வேர்க்கடலை வாங்கி வந்து நீட்டினேன். வாங்கவில்லை. எனக்குத் தாங்க முடியவில்லை.

"திட்டிடு. நாலு பேரு எதிர்ல வேணாலும் திட்டு" என்றேன்.

அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் கிளம்பின பிறகுதான் பேசினாள்.

"கிரகணத்தன்னிக்கு நான் தார் சுத்தலங்க."

"தெரியும்."

"உங்களுக்குத் தெரியாது. எனக்கே தெரியாம போயிட்ச்சி. எல்லாரும் கேட்டுகினே இருந்தீங்களா, சுத்தினேனோன்னு எனக்கே ஆயிட்ச்சி. ராட்டைய எடுத்த மாதிரிகூட ஞாபகம் வந்துகினு இருந்தது." குழந்தையின் காலைச் சேலைத் தலைப்பால் மூடினாள். "இப்பதான் சரியா ஞாபகம் வருது. கதவு சாத்தியிருந்தது. ரெண்டு கையும் வயித்து மேல வெச்சிகினு படுத்துகினு இருந்தேன்."

கதவு சாத்தியிருந்தது என்று ஆரணி வரும்வரை இன்னும் இரண்டு தடவை சொன்னாள்.